வட துருவத்தில் ஓர் ஆமை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பர் நம்மவர். அமீனா செய்யும் கேட்டினை அறிவோம். வாயற்ற ஆமை செய்த கேடு யாது? அதனைப் பீடையென்று தள்ளியதோடு நம் ஆராய்ச்சி முடிந்துபோயிற்று. அவ்வாமை வீட்டிலன்று, ஒரு கண்டத்திலேயே புகுந்த வரலாற்றை மேனாட்டறிஞர் கல்லைத் தோண்டிக் கண்டிருக்கின்றனர். அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கனடா தேசத்தின் வடகோடியில் ஆக்ஸெல் ஹைபெர்க் என்றொரு குளிர்த்தீவு உண்டு. அங்கே அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டார்டூனோவும் அவர் குழுவினரும் கல்லாய்ச் சமைந்த நன்னீராமை ஒன்றைக் கண்டெடுத்து, 2009-ல் அதன் விவரத்தை வெளியிட்டனர். அது வாழ்ந்த காலம் இற்றைக்கு ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகட்கு முன். 'அரோராகெலிஸ்' என்பது அதற்கிட்ட பெயர். அரோரா என்பது துருவ வானில் தோன்றும் ஒளி. கெலிஸ் என்பது கிரேக்க மொழியில் ஆமை.

ஆமை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. வெயிலை நம்பி வாழ்வது. ஆதலின் அக்காலத்தில் துருவப் பகுதி பனியின்றி வெதுவெதுப்பாய் இருந்திருத்தல் வேண்டும். முதலையை ஒத்த சாம்ப்ஸோஸார் என்னும் பிராணியின் எலும்புகள் அதே தீவில் அகப்பட்டதை டார்டூனோ முதலியோர் 1998-லேயே அறிவித்திருந்தமையும் இதற்குச் சான்றாகும்.

இனித்தான் சிக்கல். இவ்வாமையின் உறவினங்கள் மங்கோலியா முதலான ஆசியப் பகுதிகளில் வாழ்ந்தவை. ஆசியாவிலிருந்து வட அமெரிக்கா புகுந்த பிராணிகள் அலாஸ்காப் பக்கமாகத் தரைவழியே வந்தன என்பது பொதுவாகக் கூறப்பட்டு வந்த கொள்கை. இவ்வறிஞரோ, ஆமை வட சமுத்திரத்தையே நேராகக் கடந்திருக்கக்கூடும் என்கின்றனர். நன்னீரில் வாழ்வது உப்புக்கடலைக் கடப்பதெங்ஙனம்? படிக்கையில் நாமும் இவ்விடத்திற் சற்றே தயங்கினோம். ஆயின் அவர் கூறும் காரணம் எளிதே. நன்னீர் உப்புநீரினும் இலேசானது. அன்றைய வட சமுத்திரம் பெரும்பாலும் நிலத்தால் சூழப்பட்டுக் கிடந்தது. சுற்றிலுமிருந்து ஆறுகள் அதில் வீழ்ந்தன. அவற்றின் நீர், பாலின்மேல் ஏடு போல, கடலின்மேல் மிதந்திருக்கும். பெருமழைக்குப்பின் ஆற்று முகத்தில் கலங்கல் நீர் கடல்மேல் நெடுந்தூரம் படர்ந்து நிற்பதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளும் தீவு தீவாய்த் தலைநீட்டி, வழியில் தங்குமிடங்களாய் உதவியிருக்கலாமாம். கடல் கடக்க வானரசேனை வந்து பாலம் கட்ட வேண்டியதில்லை போலும்!

ஆமை கிடந்த மண்ணடுக்கின் கீழே, எரிமலைக் குழம்பு இறுகிய பாறை கனத்துக் கிடக்கிறது. அவ்வெரிமலைகள் கக்கிய கரியமில வாயுவே துருவத்தைச் சூடாக்கியிருக்கக்கூடும் என்பதும் அவர் துணிபு.