ஐந்தில் மூன்று மனிதன்



ஆதமின் மக்கள் அனைவரும் அல்லாஹ்வால் கண்ணியப்படுத்தப்பட்டவர்கள். ஆனால் மனிதனோ சக மனிதனைப் பின்னமாக்கி எண்ணினான்.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சாசனம் வகுக்கப்பட்டது. மக்கள்தொகைக்கேற்பப் பிரதிநிதிகள் சபையில் இடங்கள். அதே கணக்கின்படி மாநிலங்கள் மீது நேரடி வரி. அடிமைகளை எவ்வாறு எண்ணுவது? முழுமையாக எண்ண வேண்டும் என்றனர் தென் மாநிலத்தவர். உரிமையே வழங்கப்படாதோரைக் காட்டி இடம் கேட்கலாமா என்றனர் வட மாநிலத்தவர். முடிவில், 5 அடிமைகள் 3 பேராகக் கணக்கிடப்பட்டனர்.

1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகள் சுமார் 7 இலட்சம் பேர். அவர்களைக் காட்டி எஜமானர்களின் மாநிலங்கள் கூடுதல் இடங்களையும், அதிபர் தேர்தலில் கூடுதல் வாக்குகளையும் பெற்றன. அதற்கு ஈடான நேரடி வரியோ 1798, 1813 போன்ற ஒருசில ஆண்டுகளில் மட்டுமே விதிக்கப்பட்டது. ஆதாயம் நிலைத்தது; சுமை அரிதாயிற்று.

அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கலாகாது என்றும் அச்சாசனம் கூறியது. அவ்வாறே 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டவர், மேற்கு ஆப்பிரிக்காவில் மார்க்கக் கல்வி பயின்ற உமர் இப்னு சயீத். 1831இல் தம் வரலாற்றை அரபியில் எழுதிய அவர், ஆட்சியனைத்தும் அல்லாஹ்வுக்கே என்றுணர்த்தும் அல்முல்க் அத்தியாயத்துடன் அதைத் தொடங்கினார். விடுதலை காணாமலே மரணித்தார். அடிமைமுறை 1865இலும், அந்தப் பின்னக் கணக்கு 1868இலும் சாசனத்திலிருந்து நீங்கின.

சகோதரர்களே! நம் வீட்டுப் பணியாளரை, கூலியாளரை நாம் முழு மனிதராக எண்ணுகிறோமா? மறுமையில் கேள்வி உண்டு. நீதியுடன் நடக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.