வினாப் பிழையின் வரலாறு

வினா ஆறு வகைப்படும் என்றும், விடை எட்டு வகைப்படும் என்றும் நன்னூல் வகுத்துரைக்கிறது. அறிந்துகொண்டே கேட்பதும் வினா. அறியாமல் கேட்பதும் வினா. ஐயுற்றுக் கேட்பதும் வினா. கேட்போர் எந்த வகையில் கேட்டாலும், அவர் உள்ளக் குறிப்பை உணர்ந்து விடை கூறுவது மனிதர் இயல்பு. ஊருக்குப் புதியவர் ஒருவர், 'இங்கே தமிழர் கடை உண்டோ?' என்று வினவினால், 'தெற்கு வீதியில் உண்டு. ஆனால் இன்று விடுமுறை' என்கிறோம். கேளாததையும் சேர்த்துக் கூறுவதே அங்கு உண்மையான விடையாகிறது.

யந்திரத்துக்கு இந்தக் குறிப்பறிவு இல்லை. அது கேட்டதற்கு மட்டுமே விடை தரும். கேட்க நினைத்ததற்குத் தராது. கணினியில் பட்டியல் வைத்து ஆள்வோர் எதிர்கொள்ளும் இடர்களுள் பல இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

கணிப்பொறிக்கு முன்னோடியான யந்திரங்களை வகுத்த சார்லஸ் பாபேஜ், 1864-ஆம் ஆண்டு வெளியிட்ட சுயசரிதையில் ஒரு செய்தி கூறுகிறார். தவறான எண்களை இட்டாலும் சரியான விடை வருமா என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு உறுப்பினர் இருவர் வெவ்வேறு சமயங்களில் அவரைக் கேட்டனராம். அந்த ஐயத்தின் பேதைமையை நாம் எளிதில் உணர்கிறோம். ஆயின், எண்கள் யாவும் சரியாயிருந்து, வினா மட்டும் பிழைபட்டால் என்னாகும்? இதனை உணர்வது அத்துணை எளிதன்று.

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் என்பவர் ஐ.டி.எஸ். என்னும் தரவு அமைப்பை உருவாக்கினார். அதனுள் ஒரு செய்தியைத் தேடுவோர், ஒரு பதிவினின்று அடுத்த பதிவுக்கு எவ்வழியே செல்லவேண்டும் என்பதைத் தாமே படிப்படியாகக் கட்டளையிட வேண்டும். 1973-இல் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், பாக்மன் இத்தொழில் புரிவோரைக் கடலில் வழி கண்டு செல்லும் மாலுமிக்கு ஒப்பிட்டார். அக்கடலில் இறங்கச் சாமானியருக்கு இயலாது. அதற்கெனப் பயின்றோரே வேண்டும்.

இந்நிலையை மாற்றியவர் எட்கர் காட். இங்கிலாந்தில் 1923-இல் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் அமர்ந்தவர் அவர். 1970-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் வெளியிட்ட கட்டுரை, தரவு யாவற்றையும் வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாக வைக்கலாம் என்று காட்டிற்று. வேண்டுவது இன்னது என்று மட்டும் மனிதர் கூறினால் போதும். அதனை எடுத்துவரும் வழியை யந்திரம் பார்த்துக்கொள்ளும். இதனால் ஒரு பாரம் நம் தோளினின்று இறங்கியது. மற்றொரு பாரம் ஏறியது. வழி கூறும் பொறுப்பு யந்திரத்தைச் சேர்ந்தது. வேண்டுவதைத் திட்டமாகச் சொல்லும் பொறுப்பு முற்றிலும் மனிதரைச் சேர்ந்தது.

அவ்வாறு சொல்வதற்கென ஒரு மொழியை, அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974-இல் வெளியிட்டனர். 'சீக்வெல்' என்று அவர்கள் இட்ட பெயர், ஒரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகப் பெயராக ஏற்கெனவே இருந்தமையால், பின்னர் 'எஸ்.கியூ.எல்.' எனச் சுருங்கியது. 1970-களின் நடுவில் மோஷே ஸ்லூஃப், வெற்று அட்டவணை ஒன்றைத் திரையில் காட்டி, வேண்டியதை அதன் கட்டங்களில் மாதிரியாக நிரப்பி வினவும் முறையை வகுத்தார். 1980-களில் 'டிபேஸ்' போன்ற செயலிகள் மேஜைக் கணினிக்கு வந்தன. 1992 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'அக்சஸ்' வெளிவந்தது. எஸ்.கியூ.எல். மொழியும், கட்டம் நிரப்பும் முறையும் அதில் ஒருங்கே அமைந்தன. குமாஸ்தாவும், ஆசிரியரும், சங்கச் செயலாளரும் தாமே யந்திரத்திடம் வினவலாயினர்.

வினவுவோர் பெருகவே வினாப் பிழையும் பெருகிற்று. அப்பிழை இரு வகைப்படும்: குரல் எழுப்பும் பிழை ஒன்று, ஓசையின்றி நிகழும் பிழை மற்றொன்று.

குரல் எழுப்பும் பிழை நமக்கு நண்பனே ஆகும். பத்தியின் பெயரில் ஓர் எழுத்தைப் பிறழ எழுதிவிட்டால், அக்சஸ் ஒரு சிறு பெட்டியைத் திறந்து, அப்பெயருக்கு மதிப்பு என்ன என்று நம்மையே கேட்கிறது. வினாவுக்கு வினாவையே விடையாகத் தருவதை 'வினா எதிர் வினாதல்' என்று நம் இலக்கணம் கூறும். பெட்டியைக் கண்டதும் எதையேனும் நிரப்பிவிடாமல், அதில் தோன்றும் சொல்லைப் பத்தியின் பெயரோடு ஒப்பிட்டால் பிழை விளங்கிவிடும். எண்ணாகப் பதிந்த பத்தியை எழுத்தாகக் கருதி வினவினால், தரவு வகை பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரும். அதையும் திருத்துவது எளிது.

அஞ்சத்தக்கது மற்றொன்று. வெளி மாநிலத்திலுள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் 300 பேர். சொந்த ஊர் மதுரை என்று குறித்தோர் 60 பேர். வேறு ஊர் குறித்தோர் 200 பேர். அப்பத்தியை நிரப்பாது விட்டோர் 40 பேர் எனக் கொள்வோம். 'மதுரையர் யார்?' என வினவினால் 60 பெயர் வரும். 'மதுரை அல்லாதோர் யார்?' என வினவினால் 240 வரும் என்றே எதிர்பார்ப்போம். வருவனவோ 200 மட்டுமே. ஊர் தெரியாதவரை ஊர் அல்லாதவர் என்றும் யந்திரம் கொள்ளாது. மெய், பொய் என்னும் இரண்டோடு 'தெரியாது' என்னும் மூன்றாம் நிலையும் அதற்கு உண்டு. 1979-இல் காட் எழுதிய கட்டுரையிலும் இம்மூன்று நிலைத் தருக்கம் ஆராயப்பட்டுள்ளது. நாற்பது பேர் ஓசையின்றி மறைந்தனர். எச்சரிக்கை ஏதும் தோன்றவில்லை.

தமிழர்க்கு இது சிறப்பாகப் பொருந்தும். நம்முள் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஆகவே 'கடைசிப் பெயர்' என்னும் பத்தி பல வேளைகளில் வெறுமையாய் நிற்கும். அக்சஸில் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் கூட்டல் குறியால் இணைத்தால், ஒன்று வெறுமையாயின் முழுப் பெயருமே வெறுமையாகிவிடும். 'ஆம்பர்சண்ட்' என்னும் குறியால் இணைத்தால் இருக்கும் பெயர் நிலைக்கும். ஒரு குறியின் வேற்றுமையால் அழைப்பிதழின் உறையில் பெயர் இல்லாமற் போகிறது.

ஊர்ப்பெயரும் அவ்வாறே. 1995-இல் பம்பாய் மும்பையாயிற்று. 1996-இல் மதராஸ் சென்னையாயிற்று. பழைய பதிவுகளில் பழைய பெயரே இருக்கும். சென்னை என்று மட்டும் வினவுவோர்க்கு அவை கிட்டா. தேதியிலும் இத்தகைய இடருண்டு. எஸ்.கியூ.எல். வாக்கியத்தில் நாம் எழுதும் 03/04 என்பதை, அமெரிக்க வழக்கப்படி மார்ச்சு 4 என்றே அக்சஸ் கொள்ளும். ஏப்ரல் 3 என்று கொள்ளாது. ஆனால் 13/04 என எழுதினால், பதின்மூன்றாம் மாதம் இன்மையால், ஏப்ரல் 13 என்று தானே திருத்திக்கொள்ளும். ஒரு தேதி சரியாக அமைந்ததைக் கண்டு ஏனையவும் சரியென நம்புவோர் ஏமாறுவர்.

பரிகாரம் கடினமன்று. முதலில், பட்டியலில் உள்ள மொத்த வரிசைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நிபந்தனை யாவற்றையும் ஒருங்கே இடாமல் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எந்தப் படியில் எண்ணிக்கை எதிர்பாராது குறைகிறது என்று நோக்க வேண்டும். இறுதியாக, நிபந்தனைக்கு உட்பட்டோர், உட்படாதோர், வெறுமையாய் விட்டோர் என மூன்று வினாக்களையும் தனித்தனியே கேட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்றும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமமானால் எவரும் விடுபடவில்லை என்பது உறுதி.

மாலுமிகளின் காலத்தில் வழி அறியாதோர் கடலிலேயே இறங்கவில்லை. இன்று யாவரும் இறங்குகிறோம், இது நற்பேறே. ஆனால் யந்திரம் பிழை கூறாதிருப்பது, விடை சரி என்பதற்குச் சான்றாகாது. நலநிதிப் பட்டியலில் விடுபட்ட பெயர் நமக்கு ஒரு வரிசையின் குறைவு; அப்பெயருக்கு உரியவர்க்கோ வராத கடிதமும் கிட்டாத உதவியுமாகும். ஆகவே, விடை கிடைத்ததும் எழுந்துவிடாமல், விடுபட்டோர் யார் என்ற மற்றொரு வினாவையும் கேட்பது நம் கடமையாகும்.