சிறுபான்மை அரசும் தலைமை மாற்றமும்: 1952, 2006 அனுபவங்கள்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். மழையை நம்பிய மானாவாரிக் காடுகளும் கண்மாய்களும் சூழ்ந்த இந்தப் பகுதியில், தேர்தல் நேரத்தில் டீக்கடைப் பெஞ்சுகளில் ஒரு வாதம் எழுவதுண்டு: “முழு மெஜாரிட்டி கொடுத்துட்டா நம்மளத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இழுபறியா வந்தாத்தான் பயம் இருக்கும், கட்சியிலயும் புது ஆளு வருவாங்க.” இதை வெறும் அரட்டையாகத் தள்ளிவிட முடியாது. பலமுறை ஏமாந்தவர்கள் கணக்குப் போட்டுப் பேசும் பேச்சு இது. ஆனால் அந்தக் கணக்கின் இரண்டு பகுதிகளும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டியவை.

இழுபறியை வாக்காளர் உண்டாக்க முடியுமா? 2006இல் 234 இடங்களில் 96 பெற்ற தி.மு.க., தனிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 118ஐ எட்டாமலே ஆட்சி அமைத்தது. அ.தி.மு.க. அதை ‘மைனாரிட்டி அரசு’ என்றே ஐந்தாண்டும் அழைத்தது. தி.மு.க. போட்டியிட்டதோ 132 தொகுதிகளில்தான். காங்கிரசுக்கு 48, பா.ம.க.வுக்கு 31, மார்க்சிஸ்டுகளுக்கு 13, இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 10 என மீதியைப் பிரித்துக் கொடுத்தபோதே, பத்தில் ஒன்பது இடங்களை வென்றாலன்றித் தனிப் பெரும்பான்மை இல்லை என்றாகிவிட்டது. ஆக, அந்தச் சிறுபான்மைக்கு வித்திட்டது பெரும்பாலும் தொகுதிப் பங்கீடு. வாக்குச்சாவடிக்குப் பங்கு குறைவு.

அதனால் தலைமைக்கு நெருக்கடி வந்ததா? தோழமைக் கட்சி எதுவும் அமைச்சரவையில் இடம்பெறவில்லை. 2008இல் பா.ம.க.வும் இடதுசாரிகளும் விலகியபோதும் ஆட்சி அசையவில்லை. காங்கிரசின் 34 எம்.எல்.ஏ.க்களே போதுமானவர்களாக இருந்தார்கள். டெல்லியில் தி.மு.க. எம்.பி.க்கள் காங்கிரசுக்குத் தேவைப்பட்டார்கள், சென்னையில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் தி.மு.க.வுக்குத் தேவைப்பட்டார்கள். பேரம் இரண்டு தலைமைகளுக்கு இடையே முடிந்துவிட்டது. 2009 மே மாதம் மு.க. ஸ்டாலின் துணை முதல்வரானதை தி.மு.க.வுக்குள் நெடுநாளாக எதிர்பார்க்கப்பட்ட வாரிசு ஏற்பாடாகவே பார்க்க வேண்டும். எண்ணிக்கைக் குறைவு அதைப் பிறப்பிக்கவில்லை.

இதற்கு எதிர்ச்சான்றாக 1952ஐக் காட்டலாம். சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. த. பிரகாசம் தலைமையில் எதிரணி உரிமை கோரியும், ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை அழைத்தார். சிறு கட்சிகளையும் சுயேச்சைகளையும் சேர்த்துக்கொண்டு, ஜூலை 3 அன்று ஆதரவு 200, எதிர்ப்பு 151 என நம்பிக்கை வாக்கில் ராஜாஜி வென்றார். இரண்டே ஆண்டில் தலைமை மாறியது; பாலவனத்தத்துக்குப் பக்கத்து ஊரான விருதுநகரின் காமராசர் 1954 ஏப்ரல் 13 அன்று முதல்வரானார். டீக்கடை வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது என்று தோன்றும்.

காலவரிசை வேறு விதமாகச் சொல்கிறது. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்ததும் காங்கிரசின் நிலை முன்னைவிட வலுப்பட்டிருந்தது. ஆட்சி தடுமாறிய நாட்களில் ராஜாஜியைக் கட்சி தாங்கிப் பிடித்தது. ஆபத்து நீங்கிய பிறகே, அவரது குலக்கல்வித் திட்டத்தின் மீதிருந்த கோபம் கட்சிக்குள் முழு வேகம் பெற்றது. சிறுபான்மை நிலை தலைமைக்குக் கேடயமாகவும் ஆகும் என்பது என் துணிபு. ஆட்சி கவிழ்ந்துவிடும் என்ற அச்சம் முதலில் அடக்குவது கட்சியின் சொந்த உறுப்பினர்களைத்தான்.

மாற்றத்தை உண்மையில் நிகழ்த்தியது ஒரு வாக்கெடுப்பு. சட்டமன்றக் கட்சிக் கூட்டத்தில் காமராசருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. தோற்றவரையும் அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராசர் அமைச்சர்களாக்கினார். போட்டி பகையாகவில்லை. அப்படியொரு எண்ணிக்கை இன்று எந்தக் கட்சியிலிருந்து வெளிவரும்?

இடையே 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. விலைபோகும் உறுப்பினரைத் தடுக்க வந்த சட்டம், மாறுபட்ட கருத்துள்ள உறுப்பினரையும் கட்டிப்போட்டது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். மன்றத்தில் வாய் திறக்க முடியாதவர் கட்சிக் கூட்டத்தில் மட்டும் துணிந்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். கொறடாவுக்குக் கட்டுப்படாத வாக்கு பதவியைப் பறிப்பதை நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. பாலவனத்தத்து வாக்காளர் விரும்பும் பயம் தலைமைக்கு வர வேண்டுமானால், அவர் வேட்பாளரிடம் கேட்க வேண்டியது தொங்கு சட்டமன்றத்தைப் பற்றியல்ல. இந்தப் பரிந்துரையை ஆதரிப்பாரா, தம் கட்சியின் சட்டமன்றத் தலைவரை ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கக் கோருவாரா என்பதைத்தான்.