தங்கவயல் பியானோவும் கனத்துப்போன கட்டைகளும்

கோலார் தங்கவயல் என்றாலே எல்லோருக்கும் சுரங்கம்தான் ஞாபகம் வரும். அங்கே பியானோ சத்தமும் கேட்டது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை :) 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபிறகு வெள்ளைக்கார அதிகாரிகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், கிளப், நடனம், சர்ச் என்று ஒரு குட்டி இங்கிலாந்தே உருவாகிவிட்டது. பங்காரப்பேட்டை - மாரிக்குப்பம் ரயில் பாதையில் எங்கள் கோரமண்டலும் ஒரு ஸ்டேஷன்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். ஊரே பெட்டி கட்டியது. பெட்டிக்குள் அடங்காத சாமான் பியானோ. பல வருடம் பூட்டிய வீட்டில் கிடந்ததைத் திறந்தால், கட்டையை அழுத்த விரல் வலிக்கும். "வயசாயிடுச்சு, விறகுக்குப் போடு" என்பார்கள். அவசரப்படாதீர்கள்!

கனம் இரண்டு வகை. ஒன்று சரித்திரம் தந்தது. 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி செய்த பியானோவில் சின்னச் சுத்தியல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புச் சட்டம் வந்தது, கம்பி தடித்தது, சுத்தியலும் பெருத்தது, கட்டையும் கனத்தது. இன்னொன்று நம் சீதோஷ்ணம் தந்தது. மழைக்கால ஈரத்தில் மரம் உப்பும். கட்டையின் துளைகளிலும் சுத்தியலின் மூட்டுகளிலும் இருக்கும் கம்பளித்துணி ஊறி, ஊசியை இறுக்கிப் பிடிக்கும். அது எடையே அல்ல, வெறும் உராய்வு.

எது என்று எப்படித் தெரியும்? வலது பெடலை மிதியுங்கள். உடனே லேசானால், கம்பியை அமுக்கும் டாம்பர் பக்கம் பாருங்கள். மிதித்தபடியே கட்டை நுனியில் பழைய ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்குங்கள் (1992 முதல் வந்த தடித்த வெள்ளை நாணயம், 9 கிராம்). ஐந்தாறு நாணயத்தில், அதாவது 50 கிராம் சுமாரில், மெல்ல இறங்கினால் நல்லது. பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். 20 கிராம் மிச்சமிருக்கும்போதே கட்டை தானாக எழவேண்டும்.

இறங்க 75 கிராம், எழ 5 கிராம் என்றால் வித்தியாசம் 70. அதில் பாதி, 35 கிராம், உராய்வு. அது குணமாகிற வியாதி. இறங்க 75, எழ 45 என்றால் உராய்வு 15 மட்டுமே. மிச்சம் நிஜமான கனம், அதற்குத் தேர்ந்த ஆள் வேண்டும்.

எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்பளி அதைக் குடித்து இன்னும் இறுகும். அடுத்த லீவில் ஊருக்குப் போகிறவர்கள், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் பத்து நாணயம் தேடி வையுங்கள்.