நாள் குறித்து வந்த விருந்தினரும் மேல்கோட்டை ஓநாயும்

கப்பல் யாத்திரை செய்கிற ஒருவன், காலையில் துறைமுகத்தில் இறங்கி மாலையில் மீண்டும் ஏணியேற வேண்டியவனாக இருக்கும்போது, கையிலுள்ள ஒரு பகற்பொழுதைக் கோயிலில் கழிப்பதா, கடைத்தெருவில் கழிப்பதா, அல்லது வனவிலங்குகளைக் காணக்கூடிய ஏதேனும் ஓரிடத்தில் கழிப்பதா என்று தீர்மானிக்க முடியாமல் படுகிற சங்கடம், இந்தக் காலத்தில் மாத்திரம் தோன்றியதல்ல. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக்கு வரும் நீராவிக் கப்பல்கள் பெருகிய நாளிலிருந்தே அது உண்டு. நிலக்கரி ஏற்றிக்கொள்வதற்காகக் கப்பல் கொழும்பில் நிற்கும் சில மணி நேரத்துக்குள், காலிமுகத்திடலையும் கறுவாத்தோட்டத்தையும் கல்கிசைக் கடற்கரையையும் சுற்றிவிட்டு வருகிறவர்கள் பலர்; சற்று அதிக அவகாசம் உள்ளவர்கள் ரயிலேறிக் கண்டிவரை போய்த் திரும்புவார்கள். காட்டு யானையைக் கண்ணால் காணவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. ஆனால் கப்பல் புறப்படும் நேரம் யானைக்குத் தெரியாதாகையால், அந்த ஆசை சாமானியப் பிரயாணிக்கு நிறைவேறுவது அபூர்வம்.

சாமானியர் அல்லாத பிரயாணிகளுக்கு மட்டும் அது நிறைவேறியது. 1882-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘பக்கான்டி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் பயிற்சி மாலுமிகளாகக் கொழும்பில் வந்திறங்கிய ஆல்பர்ட் விக்டர், ஜார்ஜ் என்னும் இரு சகோதரர்கள் விக்டோரியா மகாராணியின் பேரப்பிள்ளைகள். அவர்கள் பார்க்க வேண்டுமென்றே லபுகமைக் காட்டில் ஒரு யானைப்பிடிப்பு ஏற்பாடாயிற்று. கப்பலின் காலத்துக்குக் காட்டின் காலத்தை இசைவிக்க வேண்டுமானால் அதற்கு ஓர் அரசாங்கமும் பல நூறு ஆட்களும் வேண்டும் என்பதை அந்த ஏற்பாடு தெளிவாகக் காட்டிற்று. இதே சகோதரர் இருவரையும் பின்னர் வெவ்வேறு காலங்களில் மீண்டும் காட்டு யானைகளின் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது மைசூர் ஸமஸ்தானம்.

மைசூரில் யானை பிடிக்கும் தொழிலுக்குக் ‘கெட்டா’ என்று பெயர். ஹைதர் அலி காகனகோட்டைக் காட்டில் அதை முயன்று தோற்றுப்போய், இனி எவனாலும் இங்கே அது இயலாது என்று கல்லில் பொறித்து, முயல்கிறவனுக்குச் சாபமும் இட்டுவைத்ததாக ஒரு கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. அந்தச் சாபத்தைப் பொருட்படுத்தாதவர் ஜார்ஜ் சாண்டர்ஸன் என்ற ஆங்கிலேயர். மைசூர் அரசாங்கத்தின் நீர்ப்பாசன உத்தியோகத்தில் இருந்துகொண்டே யானைகளின் தடங்களையும் பழக்கங்களையும் ஆண்டுக்கணக்காகக் கவனித்துவந்த அவர், 1874-ல் சாமராஜநகரத்தை அடுத்த காட்டில் ஒரே முயற்சியில் ஐம்பதுக்கு மேற்பட்ட யானைகளை வளைத்துப் பிடித்தார். இந்தியக் காட்டு விலங்குகளிடையே தாம் கழித்த பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றி 1878-ல் அவர் வெளியிட்ட புத்தகம், மைசூர்க் காடுகளின் பெயரைக் கப்பல்களின் வாசகசாலைகள்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது எனலாம்.

1889-ல் பம்பாயில் வந்திறங்கிய ஆல்பர்ட் விக்டருக்கு மைசூரில் நடந்த உபசாரங்களுள் தலையாயது கெட்டாவேயாகும். பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1906-ன் தொடக்கத்தில், வேல்ஸ் இளவரசராக வந்த ஜார்ஜ், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியானவர், காகனகோட்டையில் அதே காட்சியைக் கண்டார். மூத்தவர் கண்டுபோன மூன்றாம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். இளையவரோ சக்கரவர்த்திப் பதவி ஏற்ற பிறகும் 1911-ல் நேப்பாளத் தராய்க் காட்டுக்கு வேட்டைக்குப் போகுமளவுக்கு இந்தியக் காடுகளின்மீது பற்று வைத்திருந்தார்.

காகனகோட்டைக் கெட்டாவின் முறை விஸ்தாரமானது. ஜேனு குறும்பர், காடு குறும்பர் முதலிய வனவாசிகள் பல நூறு பேர், தப்பட்டை முழக்கியும் தீ மூட்டியும் வெவ்வேறு யானைக் கூட்டங்களை மெல்ல மெல்ல ஒரு வளையத்துக்குள் நெருக்கிக்கொண்டு வருவார்கள். இது நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நடக்கும். வளையம் கபினி நதியின் கரையளவுக்குச் சுருங்கிய பிறகு, அவை கலைந்து ஓடாதபடி இரவும் பகலும் காவல் இருக்கும். பின்பு விருந்தினர் வந்து மேடைகளில் அமரும் நாளில், யானைகளை நதிக்குள் இறக்கி எதிர்க்கரைக்கு ஓட்டி, அகன்று தொடங்கிக் குறுகி முடியும் மரவேலிக்குள் புகச்செய்து, கதவை வீழ்த்துவார்கள். பிறகு பழகிய யானைகளின் மீதேறிய பாகர்கள் உள்ளே சென்று, புதிய யானைகளைக் கயிறிட்டுக் கட்டுவார்கள். விருந்தினர் கண்டது சில மணி நேரக் காட்சி. அதற்குப் பின்னே மறைந்திருந்த உழைப்பும், கன்றைப் பிரிந்த தாய்களின் கூக்குரலும், பிடிபட்டபின் மாண்ட யானைகளின் கணக்கும் அந்த மேடைக்கு எட்டவில்லை.

அரசர்களின் விருந்தாக இருந்த இந்தக் காட்சி சினிமாவின் வழியே சாமானியரையும் அடைந்தது. ராபர்ட் பிளாஹெர்டி மைசூருக்கு வந்து படமெடுத்த ‘எலிபன்ட் பாய்’ 1937-ல் வெளிவந்தது. காராப்பூரில் ஒரு மாவுத்தனின் மகனாகப் பிறந்த ஸாபு என்னும் சிறுவன் அதில் நடித்து, கப்பலேறி இங்கிலாந்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் போய்ப் புகழ்பெற்றான். கப்பலில் வந்தவர்கள் காட்டைப் பார்த்துத் திரும்பிய காலம் போய், காட்டோரத்துப் பிள்ளையைக் கப்பல் அழைத்துப்போன காலமும் வந்துவிட்டது.

நாள் குறித்து வருகிற விருந்தினனுக்கு விலங்கைத் தவறாமல் காட்டுவதற்கு மைசூர் கண்ட இன்னொரு வழி மிருகக்காட்சிச்சாலை. சாமராஜேந்திர உடையார் 1892-ல் அரண்மனையின் பொறுப்பில் தொடங்கிய அந்தத் தோட்டம், பின்னர் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டு, அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. கெட்டாவும் மிருகக்காட்சிச்சாலையும் தோற்றத்தில் வேறானவையாயினும் தத்துவத்தில் ஒன்றே. இரண்டிலும் பார்ப்பவனுடைய சௌகரியமே பிரதானம். விலங்கு அவனுக்காகக் காத்திருக்கவேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் அதே ஸமஸ்தானத்தில் மெல்ல உருவாயிற்று என்பதும், அம்மரபில் வந்த காடுகள் பலவற்றுக்குத் தெய்வத்தின் பெயரே அமைந்தது என்பதும் கவனிக்கத் தக்கவை. பந்திப்பூர்க் காட்டை விரிவாக்கி 1941-ல் ஒரு வனவிலங்குப் பூங்காவாக்கியபோது, அதற்கு வேணுகோபாலரின் பெயரை இட்டார்கள். கோபாலஸ்வாமி பெட்டாவின் உச்சியில் நிற்கும் பெருமாள் அவர். பறவையியல் அறிஞர் ஸாலிம் அலியின் தூண்டுதலால் 1940-ல் சரணாலயமான காவேரித் தீவுக்கூட்டம், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ரங்கநாதரின் பெயரோடு ரங்கனத்திட்டாக விளங்குகிறது. 1 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அந்த இடத்தில் வர்ண நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடுகட்டுகின்றன. கூடுகட்டும் பருவம் மழையைப் பொறுத்ததேயன்றி ஓடக்காரனின் வசதியைப் பொறுத்ததன்று. 1974-ல் பிளிகிரிரங்கன் மலையும், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மேல்கோட்டையும் சரணாலயங்களாயின. ‘மேல்கோட்டைக் கோயில் வனவிலங்குச் சரணாலயம்’ என்று, கோயிலின் பெயரைச் சேர்த்தே அரசாங்கம் அதற்குப் பெயரிட்டிருக்கிறது.

மேல்கோட்டை தமிழர்களுக்குப் புதிய இடமன்று. சோழ நாட்டில் நேர்ந்த இடையூற்றினால் மேற்கே வந்த ராமாநுஜர், தொண்டனூரில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் ஆதரவைப் பெற்றுப் பின்னர் இந்த யாதவகிரிக்கு வந்து, புதர் மண்டிக் கிடந்த இடத்தில் திருநாராயணப் பெருமாளைக் கண்டெடுத்துப் பிரதிஷ்டை செய்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாசம் செய்தார் என்பது ஸம்பிரதாயம். உற்சவமூர்த்தியான செல்வப்பிள்ளைக்குப் பங்குனியில் நடக்கும் வைரமுடிச் சேவைக்கு லட்சக்கணக்கானோர் இன்றும் கூடுகிறார்கள். மண்டயம் ஐயங்கார்களின் வீடுகளில் கன்னடத்தோடு கலந்த தமிழ் பேசப்படுகிறது. புளியோதரைக்கு இவ்வூர் பெற்ற பேரைச் சொல்லவே வேண்டியதில்லை. 1939-ல் மண்டியா தனி ஜில்லாவாகப் பிரியும்வரை இது மைசூர் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. யோக நரசிம்மர் மலையில் ஏறி நின்று கல்யாணிப் புஷ்கரிணியைப் பார்த்துத் திரும்புகிற யாத்ரீகர்களுள் பலர், சுற்றிலும் தெரியும் வறண்ட குன்றுகளும் முட்புதர்களும் ஒரு சரணாலயம் என்பதை அறிவதில்லை.

அதன் பரப்பு 49.82 சதுர கிலோமீட்டர். முடிபெட்டா, நாராயணதுர்க்கம் என்னும் இரு பகுதிகளாகக் கிடக்கிறது. அங்கே சிறுத்தை உண்டு, நரி உண்டு, குரங்குகள் உண்டு, பறவைகள் பலவிதம். சைகஸ் என்னும் புராதன மரவகையும் வளர்கிறது. ஆனால் சரணாலயம் ஏற்பட்ட காரணம் இவற்றில் எதுவுமன்று, ஓநாய்தான். அதுவோ எந்த இளவரசரும் காண விரும்பிக் கப்பலிலிருந்து இறங்காத விலங்கு. ஓநாயைக் கொன்று வருகிறவனுக்கு வெகுமதி கொடுப்பது பிரிட்டிஷ் ஆட்சியில் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. நம்முடைய கதைகளிலும் அதற்கு நல்ல பெயர் கிடையாது. யானையைப் போலக் கம்பீரமோ, புலியைப் போலப் பயங்கர அழகோ இல்லாத அந்தப் பிராணி, மனிதர்கள் தரிசு என்று தள்ளிய புதர்க்காட்டில் வாழ்ந்து, அவர்களுடைய மந்தையிலேயே இரைதேடும். மண்டியாச் சீமையோ நல்ல ஜாதி ஆடுகளுக்குப் பேர்போனது. குறும்பர் முதலிய இடையர்கள் தலைமுறைகளாக மந்தை வளர்த்துவரும் பூமி. எனவே ஆட்டிடையனுக்கும் ஓநாய்க்கும் இடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. ஓநாயை முதன்மையாகக் கருதி மேல்கோட்டையில் காடு ஒதுக்கப்பட்டது அப்போது பீகாரில் இருந்த பலாமூ ஜில்லாவில் மகுவாடாண்ட் ஓநாய்ச் சரணாலயம் 1976-ல் ஏற்படுவதற்கும் முந்தியது என்பது பெருமைக்குரிய விஷயம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இன்று இடம்பெற்றிருக்கிறது.

சாண்டர்ஸன் முதல் கூட்டத்தை வளைத்துப்பிடித்த 1874-க்குச் சரியாக நூறாண்டு கழித்து, அந்த 1974-ஆம் ஆண்டு, மைசூர்ப் பிரதேசத்தின் வனவரலாற்றில் ஒரு திருப்பமாக அமைந்தது. 1971-ல் கடைசிக் கெட்டா நடந்துமுடிந்த காகனகோட்டைப் பள்ளத்தாக்கைக் கபினி அணையின் தேக்கம் விழுங்கியது அவ்வாண்டில்தான். பிறகு அத்தேக்கத்தின் கரையிலேயே உல்லாசப் பிரயாணிகளுக்கான விடுதி எழுந்து, வேனிற்காலத்தில் நீர்குடிக்கக் கூடும் யானைக் கூட்டங்களைப் படகிலிருந்து பார்க்கும் காட்சி உலகப் பிரசித்தி பெற்றது. மேற்கே, புதிய மங்களூர்த் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். இப்போது அங்கே வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்குகிறவர்களுக்கு மூடபித்ரியின் ஆயிரங்கால் பஸ்தியும், குத்ரோளிக் கோயிலும், நகரத்தை ஒட்டிய பிலிகுளா உயிரியல் பூங்காவும் எட்டுகின்ற தூரத்தில் உள்ளன. கபினியும் மேல்கோட்டையும் மலைத்தொடருக்கு அப்பால் உள்ளவை. காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறவன் அவற்றைக் கண்டுவருவது ஆகாத காரியம்.

எனவே, ஒரு பகற்பொழுது மட்டுமே கையிலுள்ளவன் பிலிகுளாவைத் தேர்ந்தெடுப்பதில் குறைகூற இடமில்லை. அங்கே கூண்டில் காத்திருக்கும் புலியைப் பார்த்து அவன் வீண் கர்வமும் கொள்ள வேண்டியதில்லை, வெட்கமும் கொள்ள வேண்டியதில்லை. மூன்று நான்கு நாட்கள் ஒதுக்கக்கூடியவன் கபினிக்குப் போகலாம். அங்கே யானை அவனுக்காகக் கொணரப்படுவதில்லை, தாகத்தால் தானே வருகிறது, ஆகையால் காண்பது பெரும்பாலும் நிச்சயம். இந்தத் தராதரத்தில் மேல்கோட்டை எங்கேயும் இடம்பெறாது. அங்கே ஒருவன் ஒரு வாரம் தங்கினாலும் ஓநாயின் காலடித்தடத்தைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்ப நேரலாம். பெருமாளை ஸேவித்துப் புளியோதரை சாப்பிட்ட புண்ணியம் மட்டும் நிச்சயம்.

ஆனால் அதுவே அக்காட்டின் தனிச்சிறப்பு. பார்ப்பவன் செலுத்தும் கட்டணத்தால் வாழும் காடு, அவனுக்குப் பிடித்த விலங்கு இருக்கும்வரைதான் மதிப்புப் பெறும். கெட்டா மேடைகளில் யானைக்குக் கிடைத்த மதிப்பு அத்தகையதே. மேல்கோட்டைக் காட்டைத் தாங்குவன மூன்று: அரசாங்கத்தின் சட்டம், அக்காடு தரித்திருக்கும் கோயிலின் பெயர், ஆடு இழந்த பின்னும் விஷம் வைக்காத இடையனின் பொறுமை. முதல் இரண்டும் காகிதத்திலும் பக்தியிலும் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாவதைக் காப்பாற்ற வேண்டுமானால், ஓநாய் கொண்டுபோன ஆட்டுக்குரிய ஈட்டுத்தொகை அலைச்சலும் தாமதமும் இன்றி அந்த இடையன் கையில் சேரவேண்டும். வைரமுடிக்குத் திரளும் லட்சக்கணக்கான பக்தர்களில் சிலராவது அதைக் கேட்டுவாங்கிக் கொடுக்க முன்வந்தால், அது ஸ்ரீவைஷ்ணவ தர்மத்துக்கு மாறாகாது.