இறக்கையின் பின்னால் இறங்கும் பலகை

குரும்பலூரில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இல்லாத தெரு குறைவு. சார்ஜா, துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று எங்கே போவதானாலும் நமக்கு வாசல் திருச்சி விமான நிலையம்தான். அதனால் 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, உள்ளே இருந்த 242 பேரில் 241 பேரும் தரையில் 19 பேரும் மாண்டபோது, இங்கே பல வீடுகளில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரவுக்குள் தொலைக்காட்சியில் சிலர் காரணத்தையும் சொல்லிவிட்டார்கள்: "ஃபிளாப் போடாமல் கிளம்பிவிட்டார்கள்." அந்த ஃபிளாப் என்பது என்ன, எப்போது வந்தது என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காக இது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். விமானச் சொற்களில் பாதி பிரெஞ்சுச் சொற்கள்தான். ஃபியூஸ்லேஜ், ஹேங்கர், எய்லரான் எல்லாம் அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. ஆனால் ஃபிளாப்புக்குப் பிரெஞ்சில் 'வோலே' என்று பெயர். ஜன்னலின் மரக்கதவுக்கும் அதே சொல்தான். புதுச்சேரியின் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கீலில் தொங்கும் ஒரு பலகை. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். விமான இறக்கையின் பின்விளிம்பில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான்.

இறக்கையைத் தூக்குவது காற்று. வேகம் பாதியானால் தூக்கும் விசை பாதியாகாது, கால் பங்காகிவிடும். இங்கேதான் சிக்கல். உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்க மெல்லிய, தட்டையான இறக்கை வேண்டும். தரையிறங்க மெதுவாக வரவேண்டும். அப்போது அதே இறக்கை விமானத்தைத் தாங்காது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் கையைத் தட்டையாக நீட்டிப் பாருங்கள், பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கிச் சற்றுக் குவித்துப் பாருங்கள். (நம்மூர் மினி பஸ்ஸில் வேண்டாம், எதிரே வருகிறவன் கையைக் கொண்டுபோய்விடுவான்.) குவித்த கை மேலே எழும்பும். ஃபிளாப் இறங்கும்போது இறக்கையும் அப்படித்தான் குவிகிறது. கூடவே பின்னால் நீண்டு பரப்பும் கூடுகிறது.

பறப்பு தொடங்கிய காலத்தில் இது தேவைப்படவே இல்லை. 1910இல் சென்னையில் ஓட்டல் நடத்திய கார்சிகாக்காரர் டி ஏஞ்செலிஸ் பறந்துகாட்டிய விமானமும், 1911 பிப்ரவரி 18இல் அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் தபால் கொண்டுபோன விமானமும் மரமும் துணியும்தான். மெதுவாகவே பறந்தன, மெதுவாகவே இறங்கின. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத் என்ற சிறு விமானத்தில். அதில் சக்கரக் கால்களின் உறையைக் குறுக்கே திருப்பிக் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பிறகு நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தார்.

விமானங்கள் கனமாகி, வேகமும் ஏறிய பிறகுதான் பலகை அவசியமாயிற்று. ஆர்வில் ரைட்டே ஜேக்கப்ஸ் என்பவருடன் சேர்ந்து, இறக்கையின் அடித்தளம் மட்டும் பிளந்து இறங்கும் ஒரு வகைக்கு 1924இல் காப்புரிமை பெற்றார். போருக்குப் பின் நாடெங்கும் பறந்த டகோட்டாவில் இருந்தது அந்த வகைதான். அதே காலத்தில் ஹார்லன் ஃபவுலர் என்ற அமெரிக்கப் பொறியாளர், பலகை முதலில் பின்னால் நகர்ந்து பிறகு கீழே வளையும்படி செய்தார். இன்று நம் பிள்ளைகள் ஏறும் விமானங்களில் இருப்பது அதன் வழிவந்ததே. பலகைக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இறக்கை பிய்ந்துவிட்டது என்று பயப்படுவதுண்டு. அந்த இடுக்கு வேண்டுமென்றே விட்டது. அடியிலிருந்து அதன் வழியே பாயும் காற்று, மேற்பரப்பில் ஓடும் காற்று பிரிந்துபோகாமல் ஒட்டி ஓடச் செய்கிறது.

கிளம்பும்போது கொஞ்சம், இறங்கும்போது நிறைய என்பது கணக்கு. கிளம்பும்போது தூக்குவிசை வேண்டும், ஆனால் காற்றின் இழுவை அதிகமாகக் கூடாது. இறங்கும்போது இழுவையும் நல்லதே, வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஓடுபாதைக்கு அளவுண்டு அல்லவா? திருச்சியில் அது 8,136 அடி.

ஃபிளாப் போட மறந்து கிளம்பிய விபத்துகள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. 1987 ஆகஸ்ட் 16இல் டெட்ராய்ட்டில் 156 பேர், 2008 ஆகஸ்ட் 20இல் மாட்ரிட்டில் 154 பேர் இறந்தார்கள். இரண்டிலும் விமானிகள் சரிபார்ப்புப் பட்டியலில் அந்த வரியை ஒழுங்காகப் பார்க்கவில்லை. எச்சரிக்க வேண்டிய கருவியும் ஒலிக்கவில்லை. டெட்ராய்ட்டில் விமானத்திலிருந்து பிழைத்தது 4 வயதுக் குழந்தை ஒன்றுதான்.

ஆனால் ஆமதாபாத் கதை வேறு. ஒரு மாதம் கழித்து ஜூலையில் வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கை, ஃபிளாப் நெம்புகோல் 5 டிகிரியில் உறுதியாக இருந்தது, கிளம்புவதற்கு அது சரியான நிலை என்று சொல்லிவிட்டது. இரு எஞ்சின்களுக்கும் எரிபொருள் தரும் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் துண்டிக்கும் நிலைக்கு மாறியிருந்தன என்றது. ஏன் மாறின என்பதை அந்த அறிக்கை சொல்லவில்லை. கோப்பு வருவதற்கு முன்பே குறிப்பெழுதுகிற குமாஸ்தாவை எந்த அலுவலகத்திலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். செத்துப்போன விமானிகள் மேல் முதல் இரவே பழி போட்டவர்களுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை.

2024 அக்டோபர் 11 மாலை நம் திருச்சியிலேயே நடந்தது நினைவிருக்கும். சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்தில் வட்டமடித்தது. போயிங் 737 வகையில் ஃபிளாப்பையும் சக்கரங்களையும் இறக்குவது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம்தான்; அது போனால் ஃபிளாப்பை மின்மோட்டாரால் மெதுவாக இறக்க மாற்று வழி உண்டு. அப்புறம் ஏன் சுற்றினார்கள்? அந்த வகையில் எரிபொருளை வெளியே கொட்ட வசதி கிடையாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். பாரம் குறைந்தால் இன்னும் மெதுவாக இறங்கலாம். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பெற்றோருக்கு இதை யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம். இரவு எட்டு மணிக்குமேல் விமானம் பத்திரமாக இறங்கியது.

அடுத்த முறை போகிறவர்கள் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோரம் கேட்டு உட்காருங்கள். இறங்கும் நேரத்தில் 'ங்ங்' என்று ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்கும், பலகை படிப்படியாக இறங்கும். தரையைத் தொட்டதும் இறக்கையின் மேலே சில தகடுகள் சட்டென்று எழுந்து நிற்கும். அவை ஃபிளாப் அல்ல, ஸ்பாய்லர். தூக்குவிசையைக் கெடுத்து முழுப் பாரத்தையும் சக்கரத்தின் மேல் இறக்குவது அவற்றின் வேலை. விமானம் திரும்பி நிலையக் கட்டடத்தை நோக்கி ஊர்ந்து வரும்போது மறுபடி அதே சத்தம் கேட்கும். பலகை உள்ளே போய்விடும்.