பாதைக்குக் காத்திருந்தவர்களின் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டையும் இணைத்தவை மக்களும் வாகனங்களும் ஏறிக் கடக்கும் மிதவைகளான ‘பாதை’கள். கல்லடிப் பாலம் 1924இல் வந்தது. மண்முனைக்குப் பாலம் கிடைக்க 2014 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே பாதைதான் ஓடியது. துறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர்களை நேரத்தின் அருமை தெரியாதவர்கள் என்று எண்ணத் தோன்றலாம். அது பிழை. எவ்வளவு நேரம் போய்விட்டது என்பதைவிட, இதுவரை வராத பாதை இந்தக் கணத்தில் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதே அங்கே பொருட்படுத்த வேண்டிய கணக்கு. நிகழ்தகவுக் கணிதம் இதை இடர்வீதச் சார்பு என்கிறது. முப்பது நிமிடத்துக்குள் பாதை எப்போதும் வரலாம், எல்லா நிமிடங்களும் சமவாய்ப்புடையவை என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடத்தில் அந்த வாய்ப்பு முப்பதில் ஒன்று. இருபது நிமிடம் கழிந்தபின் பத்தில் ஒன்று. ஆகவே, காத்திருந்தவர் எழுந்து போகாததில் நியாயம் இருக்கிறது.

போர்க்காலம் இந்தக் கணக்கைக் குலைத்தது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை நெடுஞ்சாலை அரச படையினரிடமும் இருந்தன. பாதை தாமதமாகிறதா, நிறுத்தப்பட்டுவிட்டதா என்ற ஐயம் அங்கே சாதாரணம். ஓடுவதற்கும் நிறுத்தப்பட்டதற்கும் சரிபாதி வாய்ப்பு என்று தொடங்கினால், இருபது நிமிட வெறுமைக்குப் பின் ஓடுகிறது என்ற நம்பிக்கை காற்பங்காகச் சுருங்கும். முப்பது நிமிடமும் கழிந்தால் இல்லாமலே போகும். காத்திருப்பு நீள நீள முதற்கணக்கில் வாய்ப்பு ஏறியது. இங்கே நம்பிக்கை இறங்குகிறது. பாதிக் காத்திருப்பில் திரும்பிப் போனவரும் கணக்குத் தெரிந்தவரே.

துறையில் நின்றவர்கள் பின்னக்கணக்குப் போட்டார்களா என்று கேட்கலாம். போட்டிருக்கத் தேவையில்லை. எதிர்வினை நேரச் சோதனைகளில், சமிக்ஞை எப்போது வரும் என்று அறியாத மனிதர், காத்திருப்பு நீளும்போது விரைவாக எதிர்வினை காட்டுகிறார். வாய்ப்பு ஏறாதபடி இடைவெளிகளை அமைத்தால் அந்த விரைவு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பெக்கா நீமியும் ரிஸ்டோ நாட்டானனும் 1981இல் இந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். கூட்டல் கழித்தல் இன்றியே மனம் வாய்ப்பை அளக்கிறது. கால அட்டவணை இருந்தாலே போதுமே என்ற மறுப்பும் நிற்காது: நிறுத்தப்பட்ட பாதைக்கு அட்டவணை வெறும் தாள். ஓடுகிறதா இல்லையா என்ற ஒரே செய்திதான் காத்திருப்பவரின் கணக்கை மாற்றும். பாதை ஓடும் எந்தத் துறையிலும் அந்தச் செய்தியை இரு கரைகளிலும் எழுதி வையுங்கள்.